அதே மாதிரி ஒரு மீன்

— செட்டியாரை எங்க அயித்தை வச்சிருக்கீங்க?

— ஃபிரிட்ஜுல.

— ஃபிரிட்ஜுலயா?

— மேல, ஐஸ் வைக்கிற எடத்துல. ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கேன். நீ கிள்ளான் ஆபீஸ்லேருந்து வந்து ஒரு தடவை முகத்தைப் பாக்கணும்ல ஆத்தா.

— அது மீன் அயித்தை.

— மீனுன்னா முகம் இல்லையா? உன் புருஷனே பேரு வச்சு வளத்த மீனு. பாத்து எடு, கறிக்கு வாங்குன கெம்போங் மீனு பக்கத்துலயே கெடக்கு. டப்பாவை மாத்தி எடுத்துறாத.

— ஐயோ, பாவம் லா. இவ்ளோ சின்னதா இருக்கு. தொட்டிக்குள்ள எவ்ளோ பெருசாத் தெரியும்.

— காலையில வெளக்குப் போடயில பாக்குறேன், ஒருக்களிச்சு மெதக்குது. அதோட ஜோடி ஆச்சி கீழேருந்து மூக்கால முட்டி முட்டிப் பாக்குது. அதைத்தான் என்னால பாக்க முடியல. சரி, மூடு. சாயந்தரம் கருவேப்பிலைத் தொட்டியில பொதைச்சிருவோம்.

— கீழ லிஃப்ட்டுகிட்ட இராஜம்மா ஆன்டியைப் பாத்தேன். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "நாச்சாள் ஆச்சியைப் பத்திரமாப் பாத்துக்க அபிராமி, தனியா விட்டுறாத"ன்னு அழுவுற மாதிரி சொல்றாங்க. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?

— பால் வாங்கப் போனேன். ஏன் ஆச்சி முகம் வாடிக் கெடக்குன்னு கேட்டுச்சு. செட்டியார் போயிட்டாருன்னேன்.

— அயித்தை.

— வாயில வந்துருச்சு. அதுவும் அப்படியே படியில ஒக்காந்துருச்சு. உன் மாமனாரு செட்டியாரு போயி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சேன்னு எனக்கும் அப்ப ஒறைக்கல, அதுக்கும் ஒறைக்கல.

— அப்புறமாச்சும் மீனுன்னு சொல்லியிருக்கலாம்ல?

— எப்படிச் சொல்றது? அது கண்ணுல தண்ணி வந்துருச்சு. மத்தியானம் இட்லியும் சாம்பாரும் தூக்கிக்கிட்டு வந்து நிக்குது. துக்க வீட்டுல அடுப்பு எரியக்கூடாதாம்.

— சாப்பிட்டீங்களா?

— சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. உனக்கு நாலு எடுத்து வச்சிருக்கேன்.

— நீங்க இருக்கீங்களே. சரி, ஆச்சி எங்க? கண்ணுக்கே தெரியல. என்ன இது, தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?

— மஞ்சத்தூளு.

— தொட்டிக்குள்ளயா போட்டீங்க?

— சாவு விழுந்த எடம் ஆத்தா. மஞ்சத்தண்ணி தெளிக்காம எப்படி இருக்கிறது? ரெண்டு சிட்டிகைதான்.

— இது ரெண்டு சிட்டிகை இல்ல அயித்தை. இதுல பருப்பைப் போட்டா சாம்பார் ஆயிரும். அதான் அது மூச்சு வாங்குது பாருங்க, அந்தக் கல்லுக்குப் பின்னால. பாதித் தண்ணியை இப்பவே மாத்தணும். ஹோஸ் எங்க வச்சீங்க?

— பாத்ரூம் கதவுக்குப் பின்னால. நான் புடிச்சுக்கிறேன், நீ வாளியைக் கொண்டா. தீட்டுக்குச் செஞ்சேன், வேற ஒண்ணும் நெனச்சுச் செய்யல.

— தெரியும் லா. நான் ஒண்ணும் சொல்லல. இப்படிப் புடிங்க, இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், இப்ப வருது.

— காலையிலேருந்து அது அந்தக் கல்லுக்குப் பின்னாலதான் கெடக்கு. தீனியும் தொடல. தட்டைத் தட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கல. செட்டியாரு இருந்தா தட்டைத் தட்டுனதும் மேல வந்து வாயைத் தொறப்பாரு, அவரு பின்னாலயே இதுவும் வரும். இதுவாத் தனியா வந்து பழக்கமே இல்ல.

— அதான் அயித்தை, நானும் யோசிச்சேன். நீங்க காலையில போட்டோ அனுப்புனதுலேருந்து அதான் யோசனை. இன்னொண்ணு வாங்கிரலாம்.

— வேண்டியதில்ல.

— கேளுங்களேன். இது பேரட் மீன். ஜோடியா வளந்தது. தனியா விட்டா சாப்பிடாமலே செத்துரும்.

— யாரு சொன்னா?

— கிள்ளான்ல மீன் கடைக்காரம்மா சொன்னாங்க.

— மீனு விக்கிறவ வேற என்ன சொல்லுவா ஆத்தா? வாங்காதீங்க, அது தனியா நல்லாத்தான் இருக்கும்னா சொல்லுவா?

— நெட்லயும் பாத்தேன். அப்படித்தான் போட்டிருக்கு. கடையில எடுத்து வைக்கச் சொல்லிட்டேன், நாளைக்கு வரைக்கும் வச்சிருப்பாங்க. அதுக்குள்ள நாம முடிவு சொல்லணும்.

— சொல்லிட்டேனே, வேண்டியதில்லன்னு. புதுசா ஒண்ணைக் கொண்டாந்து போட்டா இது கடிக்கும். இல்லாட்டி அது இதைக் கடிக்கும். போனது போச்சு. இருக்கிற மட்டும் இது இருந்துட்டுப் போகட்டும்ங்கிறேன்.

— இது மூலையில கெடந்து சாகுறதை நீங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பீங்களா?

— நான் எதைத்தான் பாக்கல?

— அயித்தை, அப்படிப் பேசாதீங்க. இந்த போட்டோவை மட்டும் பாருங்க. பிளீஸ். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. அதே சைஸ், அதே செகப்பு. வாலுகிட்ட செட்டியாருக்கு ஒரு கருப்புப் பொட்டு இருக்கும்ல, அதுகூட இருக்கு. கடையில பாத்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ரெண்டு விரலால பெருசாக்கிப் பாருங்க.

— தெரியுது. நல்லாத் தெரியுது. பொட்டு தெரியுது. தொட்டிக் கண்ணாடியில உன் போன் தெரியுது. உன் பின்னால நீலச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறது யாரு ஆத்தா?

— எங்க?

— மீனுக்கு மேல. உன் தோளுகிட்ட.

— கடையில யாராச்சும் கஸ்டமரா இருக்கும்.

— கஸ்டமரு உன் கைப்பையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

— ஹோஸ் வெலகிருச்சு அயித்தை. பாருங்க, கீழ எல்லாம் மஞ்சத்தண்ணி.

— கெடக்கட்டும், தொடைச்சிக்கலாம். யாருன்னு கேட்டேன்.

— ஜெயராஜ்.

— எந்த ஜெயராஜு?

— என் ஆபீஸ்ல, ஷிப்பிங் செக்‌ஷன். உங்களைக்கூட ஒரு தடவை கோயில்லேருந்து மழையில காடியில கொண்டாந்து விட்டாரு.

— செருப்பை எடுத்தாந்து குடுத்தவரா?

— அவர்தான்.

— காடிக்குள்ள வெள்ளையா வெரிப்பு போட்டிருந்துச்சு. அழுக்காயிருமேன்னு செருப்பை ரோட்டுலயே கழட்டி விட்டுட்டு ஏறிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்தப்புறந்தான் காலைப் பாக்குறேன். ஒரு வார்த்தை பேசல அந்த மனுஷன். திரும்பி அவ்ளோ தூரம் மழையில போயி எடுத்துக்கிட்டு வந்தாரு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம்னுல்ல சொன்ன நீ?

— சொன்னேன்.

— இன்னிக்கு மட்டுமா?

— கொஞ்ச நாளா.

— நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஓவர்டைம் பாத்துட்டு வர்றவ களைச்சுப் போயி வருவா. நீ கொமுட்டர் ரயிலைவிட்டு எறங்கி சென்ட்ரல்லேருந்து நடந்து வந்தும் களைப்பே தெரியல.

— கோவமா அயித்தை?

— கோவம் வந்தா ஹோஸைக் கீழ போட்டிருப்பேன். வாளி நெறைஞ்சிருச்சு, எடு. என்ன கேக்குறாரு அவரு?

— கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.

— நீ என்ன சொன்ன?

— உங்களைக் கேக்கணும்னேன்.

— அதுக்கு?

— கேளுன்னாரு. அது தைப்பூசத்துக்கு முன்னாடி.

— அன்னியிலேருந்து ஏன் கேக்கல?

— எப்படிக் கேக்கிறது? நீங்க வைரவனோட அம்மா. உங்ககிட்ட வந்து நின்னு, நான் இன்னொருத்தரைக் கட்டிக்கப் போறேன்னு எந்த வாயால சொல்றது? தெனம் காலையில சொல்லிரணும்னு எந்திரிப்பேன். நீங்க காப்பி போட்டு வச்சிட்டு மீனுங்களோட பேசிக்கிட்டு இருப்பீங்க. அப்படியே ஆபீஸ் கெளம்பிப் போயிருவேன்.

— உன் அண்ணனுக்குச் சொல்லிட்டியா?

— மெசேஜ் போட்டேன். "உன் இஷ்டம்"னு பதில் வந்துச்சு. கட்டைவிரல் பொம்மை ஒண்ணு.

— அவ்ளோதானா?

— மெல்போர்ன்ல அவனுக்கு அவன் குடும்பம். எங்களைப் பெத்த அப்பச்சி போனதுக்கப்புறம் அவன் எப்ப என்கிட்ட முழுசாப் பேசினான்?

— நம்மாளுங்க இல்லையே அவரு.

— இல்ல அயித்தை. அவங்க தாத்தா பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவரு. அப்பா லோரி ஓட்டினாரு, போயிட்டாரு. அம்மா மட்டும் இருக்காங்க. மாரியாயின்னு பேரு.

— நீ அங்க போனா நம்ம கோயில் கணக்குல உனக்குப் புள்ளியே இல்லாமப் போயிரும். தெரியும்ல?

— இப்ப மட்டும் என்ன முழுசா இருக்கு? புருஷன் பொண்டாட்டி சேந்தாத்தான் ஒரு புள்ளி. ஒருத்தர் போயிட்டா மத்தவங்க அரைப்புள்ளி. நான் அரைதானே?

— அரையாவது இருக்கே ஆத்தா.

— அவர்கிட்ட இதை ஒரு நாள் சொன்னேன். அரைப்புள்ளின்னா என்னன்னு கேட்டாரு. வெளக்கிச் சொன்னேன். அப்புறம், "அப்படின்னா உங்க கோயில்ல ஆச்சிக்குச் சாப்பாடும் பாதி எலையிலதான் போடுவாங்களா?"ன்னு கேட்டாரு.

— கேலி பண்றாரா?

— இல்ல. கோவம் அவருக்கு. உங்களுக்காக வந்த கோவம்.

— எனக்காகவா?

— ம். எனக்கு அப்ப வேற ஞாபகம் வந்துச்சு. வைரவன் காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், நீங்க இந்தத் தொட்டி பக்கத்துல ஒக்காந்து என்ன சொன்னீங்க? "நீ அரை, நான் அரை. வீட்டுல ஒரு புள்ளி கொறையல"ன்னீங்க. உங்க பையன் டெங்கில போயிட்டான், நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்க. அதை வச்சுக்கிட்டுத்தான் அயித்தை நான் இவ்ளோ நாளா எந்திரிச்சு நடமாடுறேன். அதனாலதான் வாயும் வரல. நான் கெளம்பிப் போனா நீங்க மட்டும் இந்த வீட்டுல.

— அதுக்குத்தான் மீன் வாங்கப் போனியா? தொணைக்கு?

— ஆச்சிக்குத் தொணைக்கு.

— எந்த ஆச்சிக்குன்னுதான் கேக்குறேன்.

— தெரியல அயித்தை. கடையில நிக்கும்போது எனக்கே தெரியல. இதுவும் தனியா, நீங்களும் தனியா. ஒண்ணையாவது சரி பண்ணிட்டுப் போவோம்னு தோணிச்சு.

— அழுவாத. கண்ணைத் தொடை. மஞ்சக் கையால தொடைக்காத, எரியும். இந்தா, என் முந்தானையில தொடை.

— நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க.

— நான் இப்ப மீனைப் பத்தித்தான் சொல்லப் போறேன். அந்த மீனை வாங்காத.

— ஏன்?

— அது அதே மாதிரி இருக்கு. அதனாலதான்.

— அதே மாதிரி இருந்தா நல்லதுதானே?

— நல்லது இல்ல. நான் செட்டியாருன்னு கூப்பிடுவேன். அது திரும்பாது. தட்டைத் தட்டுவேன், மேல வராது. செட்டியாரு எடது பக்கமாத்தான் சுத்துவாரு, இது வலது பக்கமாச் சுத்தும். பொட்டு இருக்கு, செகப்பு இருக்கு, ஆனா அவரு இல்லன்னு ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்ல அது மேல எனக்கு எரிச்சல் வரும். தீனி போடும்போதே எரிச்சலோட போடுவேன். பாவம், அது என்ன செஞ்சுது? கடையில சும்மா இருந்த மீனு.

— ம்.

— ஜெயராஜு எப்படி? வைரவன் மாதிரியா?

— அயித்தை...

— கேக்குறேன்ல? எனக்காகச் சொல்லாத. உள்ளதைச் சொல்லு.

— கொஞ்சம்கூட இல்ல. வைரவன் பேசிக்கிட்டே இருப்பாரு, தூக்கத்துலகூடப் பேசுவாரு. இவரு கேட்டா ஒரு வார்த்தை. வைரவன் எல்லாத்துக்கும் லேட்டு. இவரு ஆறு மணின்னா அஞ்சரைக்கே வந்து நின்னுக்கிட்டு இருப்பாரு. வைரவன் சாப்பாட்டுல காரம் பத்தலன்னு மொளகாயைக் கடிப்பாரு. இவரு ரசத்துல கெடக்கிற மொளகைக்கூட ஓரமா ஒதுக்கி வைப்பாரு. அப்புறம், இவருக்கு மீனே புடிக்காது. அந்தக் கடையில நாத்தம் தாங்காம ஒரு கையால மூக்கைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னாரு.

— ஒரு கையில மூக்கு, ஒரு கையில உன் பை.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ஏதாச்சும் ஒரு எடத்துலயாவது என் பையன் மாதிரி இருக்குமே?

— தேடிப் பாத்தேன் அயித்தை. ஆரம்பத்துல ரொம்பத் தேடினேன். நடக்கும்போது பாப்பேன், சிரிக்கும்போது பாப்பேன். எங்கயும் இல்ல. வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுட்டு அழுவேன். இப்பல்லாம் தேடுறதில்ல.

— அப்பன்னா சரி.

— என்ன சரி?

— அவன் எடத்துல ஒக்கார வைக்க நீ ஆளு தேடல. இவரு இவராவே வந்திருக்காரு. அப்பன்னா சரி. கட்டிக்க.

— அயித்தை.

— எனக்கு வலிக்கலன்னு நெனச்சுக்காத. வலிக்குது. என் பையன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டிருந்த பொண்ணு. அதைச் சொல்ல இனிமே ஆளு இல்ல. ஆனா அதுக்காக நீ முப்பத்தேழு வயசுல எனக்குக் காவலா ஒக்காந்திருக்கணும்னு சொன்னா நான் மனுஷியே இல்ல.

— நான் காவலுக்கு இருக்கல. விரும்பித்தான் இருந்தேன்.

— அது தெரியும். அதனாலதான் இவ்ளோ நாள் நானும் வாய் தொறக்கல. நல்ல தண்ணி ஊத்தலாமா? கையெல்லாம் மஞ்சக் குளிச்ச மாதிரி ஆயிருச்சு.

— மெதுவா, ஓரமா ஊத்துங்க. மருந்து நாலு சொட்டு விடணும். ஆங், போதும். பாருங்க, தெளிய ஆரம்பிக்குது. வால் ஆடுது.

— அப்போ தொணைக்கு ஒண்ணு வேணும்ங்கிற நீ?

— அதே மாதிரி வேணாம்னீங்களே.

— அதே மாதிரி வேணாம். வேற ஜாதியா வாங்கு. வெள்ளையோ கருப்போ. இதோட சேந்து இருக்குமான்னு மட்டும் கேட்டுக்க.

— இருக்குமாம் லா. தட்டையா, வெள்ளிக் காசு மாதிரி ஒரு மீன் காட்டினாங்க. அது யாரு வம்புக்கும் போகாதாம். நாலஞ்சு சேத்து விட்டா நல்லா இருக்கும்னாங்க.

— அதை வாங்கு. பேரு நான் வைக்கிறேன். செட்டியாருன்னு வைக்க மாட்டேன், பயப்படாத.

— அயித்தை, இன்னொண்ணு கேக்கணும். அதையும் இப்பவே கேட்டுர்றேன். ஜெயராஜ் சொல்றாரு, உங்களையும் கூட்டிக்கிட்டு வரணும்னு. அவங்க கிள்ளான் வீட்டுல கீழ ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கு. மாடி ஏற வேணாம். நடக்கிற தூரத்துல கோயில். இந்தத் தொட்டியையும் அங்கயே கொண்டு போயிரலாம். நாத்தம் பரவாயில்லன்னு சொல்லிட்டாரு.

— அவரா சொன்னாரா, நீ சொல்லச் சொன்னியா?

— அவராத்தான். நான் கேக்கவே இல்ல.

— நல்ல மனுஷன்.

— அப்போ வர்றீங்களா?

— அங்க மாரியாயி இருக்குதே ஆத்தா. அது வீடு. எத்தனை வருஷமா அது ஆண்டுக்கிட்டிருக்கிற அடுப்படி. புது மீனு உள்ள வந்தா பழசு கடிக்கும்னு இப்பத்தான் சொன்னேன். அந்த வீட்டுல நான் எந்தக் கல்லுக்குப் பின்னால போயி ஒளியிறது?

— அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல அயித்தை. அதுக்கும் கடைக்காரம்மா ஒரு வழி சொன்னாங்க. புதுசை விடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற கல்லையெல்லாம் எடம் மாத்தி வச்சிரணுமாம். பழைய மீனுக்கு எது தன் எடம்னு தெரியாமப் போயிரும். ரெண்டுமே புதுசு, அதனால சண்டை வராதாம்.

— அப்ப நான் போயி மாரியாயி அடுப்பை நகத்தி வைக்கணுமா?

— அயித்தை, சீரியஸாப் பேசுறேன்.

— நானும் அப்படித்தான் பேசுறேன். அந்த வீட்டுல நீ "அத்தை"ன்னு கூப்பிட்டா ரெண்டு பேரு திரும்பிப் பாப்போம். அயித்தைன்னு நெனச்சு நானும் திரும்புவேன். முறையா உனக்கு அத்தை அதுதான். வர்றவங்க போறவங்க என்னைக் காட்டி, இவங்க யாருன்னு கேப்பாங்க. என் மொத மாமியாருன்னா சொல்லுவ?

— கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அதுக்காக உங்களை இங்க விட்டுட்டுப் போக முடியாது. கீழ வழுக்கி விழுந்தா யாரு பாப்பா? காய்ச்சல் வந்தா? நானும் இல்லாம, பேச ஆளில்லாம எப்படி இருப்பீங்க?

— இராஜம்மா இருக்கு, இட்லி கொண்டாரும். கோயில் இருக்கு. தொட்டி இருக்கு. நீ வாங்கிக் குடுக்கிற வெள்ளி மீனு இருக்கும். இருந்துக்குவேன்.

— இருந்துக்குவேன்னா என்ன அர்த்தம்? உங்களுக்கு என்கூட வரப் புடிக்கலையா? கட்டிக்கன்னு சொன்னீங்க, இப்ப வரமாட்டேங்கிறீங்க. மனசுல கோவத்தை வச்சுக்கிட்டுப் பேசுறீங்களா? அப்படின்னா சொல்லிருங்க. நான் ஜெயராஜ்கிட்ட வேணாம்னு சொல்லிர்றேன். எனக்கு உங்களைவிட அது பெருசில்ல.

— கோவம் இல்ல. இப்படி ஒக்காரு. நான் சொல்றதைப் பொறுமையாக் கேளு. அவரு நல்ல மனுஷன்தான், செருப்பு எடுத்தாந்து குடுத்தவரு. மாரியாயியும் நல்லாத்தான் இருக்கும். ஆனா கல்யாணம்னா என்னிக்காவது ஒரு நாள் முட்டிக்கும். ரசத்துக்கு முட்டிக்கும், ஒண்ணுமில்லாததுக்கு முட்டிக்கும். எனக்கும் செட்டியாருக்கும் முட்டிக்காத வருஷமே கெடையாது.

— அது எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதானே.

— அந்த மாதிரி நாள்ல நான் என்ன செய்வேன் தெரியுமா? ரெண்டு சேலையைப் பையில திணிச்சுக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குக் கெளம்பிருவேன். நாலு நாள் அவ சமையலைத் தின்னுட்டு, செட்டியாரைப் பத்திக் கொறை சொல்லிட்டு, கோவம் எறங்குனதும் நானாத் திரும்பி வருவேன். அப்படி ஒரு எடம் இருந்ததாலதான் நான் அவரோட அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணேன்.

— எனக்கு அப்படி எங்க அயித்தை இருக்கு? ஆத்தா நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க. அப்பச்சியும் போயிட்டாரு. வீட்டை வித்து அண்ணன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

— அதைத்தான் ஆத்தா சொல்றேன். நானும் உன்கூடவே கிள்ளானுக்கு வந்து ஒக்காந்துட்டா, கோவிச்சுக்கிட்டு வர்றதுக்கு உனக்குப் பொறந்த வீடு ஏது?